வலது பக்கத்துப் பள்ளம்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு வைத்த அலாரத்தை அடிக்கவிடாமல் அணைத்தேன். பல் தேய்த்தேன். இரண்டு முட்டை, ஏழு நிமிடம். சட்டையின் காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் இஸ்திரி போட்டேன். மற்றதைக் கோட்டு மறைத்துவிடும். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இரவில் அடியில் வைத்த வாளி காலையில் நிறைந்திருக்கும். அதில் குளித்தேன். பதினொரு மாதமாகக் காலை இப்படித்தான் போகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கூடத்துச் சோபாவில் மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன். அவள் இறந்தபோது, நாலு நாள் துணைக்கு இருக்கிறேன் என்று ஒரே ஒரு பையுடன் வந்தவர். பையைப் பிரித்தார்; திரும்பக் கட்டவில்லை. முதலில் வீட்டில் இருந்தார். பிறகு அலுவலகத்திலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் துப்பறியும் நிறுவனத்தில் இப்போது மொத்தம் இரண்டு பேர்.

முட்டையை உரித்து அவர் பக்கத்தில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே கடித்தார்.

"மாப்ளே, இதை வச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்."

"ஏழு நிமிஷம்தான் மச்சான்."

"அடுப்புல வச்சிட்டு ஜன்னலைப் பார்த்து நின்னுடறீங்க. எத்தனை நிமிஷம்னு முட்டையைக் கேட்டாத்தான் தெரியும்."

நான் கோப்பைத் திறந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நீதிமன்றம்.

எங்களைத் தேடி வந்தவர் ஒரு நூலகர். வயது முப்பத்தொன்று. அவருடைய கணவர் நில அளவையாளர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். புறவழிச் சாலையில், வண்டி வலப்பக்கத் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் விழுந்தது. பார்த்தவர் யாரும் இல்லை. கணவர் அங்கேயே இறந்தார். நூலகருக்கு ஒன்பது நாள் நினைவு இல்லை. நினைவு திரும்பியபோது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் திரும்பவில்லை. இருவருக்கும் உடைந்தது வலது முழங்கால்.

ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி. நாத்தனார், அதாவது இறந்தவரின் அக்கா, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்ததை எழுதிக் கொடுத்திருந்தார். தெருமுனை வரை அவள்தான் ஓட்டினாள், தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தான். கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாக நூலகர்மேல் வழக்கு. நாத்தனார் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று நூலகரே சொன்னார். சிக்கல் அங்கேதான் இருந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள் அவர் அழவில்லை. தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அது சரியாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"நான்தான் ஓட்டினேன்னா ஒத்துக்கறேன். உள்ள போடட்டும். ஆனா நானான்னு எனக்குத் தெரியணும். தினமும் கண்ணு முழிச்சதும் முதல்ல அதுதான் வருது. நான் அவரைக் கொன்னேனா இல்லையான்னு."

நான் குறித்துக்கொண்டேன். மச்சான் அன்றைக்கு ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்த ஒரே தடயம் வண்டி. போலீஸ் அதை மூன்று வாரத்தில் விடுவித்திருந்தது. படம் நாலு எடுத்திருந்தார்கள். வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் நாலு படத்திலும் தெரிந்தது இடப்பக்கம். இன்சூரன்ஸ் அதைச் சேதமான வண்டி என்று கழித்துவிட்டது. அது ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தது. அந்தக் கடையைக் கண்டுபிடிக்க மச்சானுக்கு நாலு நாள் ஆனது. அதில் மூன்று நாள் டீ குடித்தார் என்பது என் கணிப்பு.

பத்தரை மணிக்கு அங்கே இருந்தோம். கடைக்காரர் ஒரு ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சேசிஸ் நம்பர் எழுதிய தாளைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, அந்த வண்டியை டாக்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்றார்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றார் மச்சான்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. டாக்டர் என்பது பட்டப்பெயர்தான். அடிபட்ட வண்டிகளை வாங்கி கஃபே ரேசராக மாற்றி விற்கிற ஒரு பட்டறைக்காரர். கஃபே ரேசர் என்றால் என்ன என்று மச்சான் கேட்டார்.

"முழு வண்டியில பாதியைக் கழட்டிப் போட்டுடுவாங்க. மீதிப் பாதிமேல படுத்துக்கிட்டு ஓட்டணும்."

"எதுக்கு?"

"அதை வாங்கறவங்களைத்தான் கேக்கணும்."

அந்த மாதிரி வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடி தாழ்ந்திருக்கும். ஓட்டுகிறவர் குனிந்து, காலைப் பின்னால் மடக்கி உட்கார வேண்டும். சீட்டு ஒருவருக்கு மட்டும்.

கடைக்காரர் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். வண்டி முக்கால்வாசி முடிந்துவிட்டது, பெட்ரோல் டேங்க் மட்டும் பன்னிரண்டு மணிக்கு பெயின்டரிடம் போகிறது என்றார் டாக்டர். அதை அனுப்ப வேண்டாம், வருகிறோம் என்றேன். பெயின்டர் ஏற்கெனவே கிளம்பிவிட்டாராம்.

"பெயின்ட் அடிச்சா என்ன மாப்ளே, வண்டி அடையாளம் தெரியாமப் போயிடுமா?"

"பெயின்டுக்கு முன்னாடி பட்டி பார்ப்பாங்க மச்சான். ஒடுக்கு எல்லாம் அதுல மூடிடும்."

அவர் அதற்குப் பிறகு காரை வேகமாக ஓட்டினார்.

வழியில் நூலகரை ஏற்றிக்கொண்டோம். வண்டியை அடையாளம் காட்ட அவர் வேண்டும். நூலக வாசலில், கழுத்தில் அடையாள அட்டையுடன் நின்றுகொண்டிருந்தார். பின் இருக்கையில் வலது காலை நீட்டி வைத்து உட்கார்ந்தார். அப்புறம் அவர் என்னிடம் கேட்டார்.

"உங்க வீட்டம்மா பத்தி உங்க மச்சான் சொன்னாரு. கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரி பார்க்கிங்ல இருந்தேன். காரை மாத்தி நிறுத்தச் சொன்னாங்க."

"ஓ."

"ஏழு நிமிஷம் ஆச்சு."

மச்சான் ரேடியோவைப் போட்டார். பிறகு அவரே அணைத்தார்.

பட்டறை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. பதினொன்றரைக்குள் போய்விட்டோம். நான் எதிர்பார்த்த எண்ணெய்க் கறையும் குவியலும் இல்லை. சிமென்ட் தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து, அந்த இடத்தில் அதை மாட்டியிருந்தார்கள். டாக்டர் குள்ளமான மனிதர், ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பரண்மேல் வரிசையாக வண்டிப் பாகங்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய துண்டுச் சீட்டு. எந்த வண்டி, எந்தப் பக்கம், கழற்றிய தேதி.

எதற்கு இத்தனை சீட்டு என்று கேட்டேன். பழைய பாகம் எதையும் எறிவதில்லை என்றார் டாக்டர். கஃபே ரேசர் ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆறே மாதத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு, பழைய ஹேண்டில்பாரைக் கேட்டு வருவார்களாம்.

மச்சான் ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டிக்கே இங்க கையில சீட்டு கட்டறாங்க மாப்ளே. நம்ம ஆஸ்பத்திரியில..."

அதோடு நிறுத்திக்கொண்டார். சீட்டை நேராக்கி விட்டார்.

வண்டி நடுவில், மரத்தாங்கியின்மேல் நின்றது. நூலகர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இது எங்கள் வண்டி இல்லை என்றார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கீறலைக் காட்டினார். நூலகர் அதை விரலால் தொட்டார். வாங்கிய வாரமே கணவர் வீட்டு கேட்டில் இடித்ததாம். "எங்களுதுதான்" என்றார்.

டேங்கில் பெயின்ட் இல்லை. சுரண்டி வெறும் தகடாக விட்டிருந்தார்கள். அதன் இரண்டு பக்கமும் முழங்கால் பதிகிற மாதிரி ஒவ்வொரு பள்ளம். கஃபே ரேசர் டேங்கில் அப்படிப் பள்ளம் தட்டுவது வழக்கம், குனிந்து ஓட்டும்போது முழங்கால் அதில் உட்காரும் என்று டாக்டர் விளக்கினார். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதுல எனக்குப் பாதி வேலை மிச்சம். வலது பக்கத்துப் பள்ளம் வண்டி வரும்போதே இருந்துச்சு. அதை அளவு பார்த்து இடது பக்கம் மட்டும்தான் நான் தட்டினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

வண்டியைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படம் உண்டா என்று கேட்டேன். எல்லா வண்டிக்கும் எடுப்பாராம். போனில் காட்டினார். டேங்கின் வலப்பக்கம் முழுக்கச் சுவர் உரசிய கீறல். பெயின்ட் நார் நாராக உரிந்திருந்தது. பள்ளத்துக்குள் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. பழைய பச்சை அப்படியே இருந்தது.

"சுவர் இந்த இடத்தை மட்டும் தொடவே இல்ல" என்றேன். "நடுவுல ஒரு முழங்கால் இருந்திருக்கு."

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் டேங்குக்கு எட்டாது. அந்தப் பள்ளம் யாருடையதோ அவர்தான் ஓட்டியவர்.

"நான் உட்கார்ந்து பார்க்கறேன்" என்றார் நூலகர்.

மச்சான் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். டாக்டர் தோள் கொடுத்தார். நூலகர் ஏறி உட்கார்ந்து, தாழ்ந்த கைப்பிடியைப் பிடித்து, கால்களை ஒவ்வொன்றாக ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார். வலது காலுக்கு நேரம் எடுத்தது. முழங்கால் டேங்கை நோக்கிச் சாய்ந்தது. பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிகூட இல்லை.

அவர் குனிந்து அதையே பார்த்தார்.

"சரி" என்றார். "தெரிஞ்சிடுச்சு."

இறங்கினார். தண்ணீர் கேட்டார். கொடுத்த டம்ளரை முழுக்கக் குடித்துவிட்டு அதைக் கழுவ எங்கே குழாய் இருக்கிறது என்று கேட்டார். டாக்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். வக்கீலிடம் தானே சொல்லிவிடுவதாகவும், அறிக்கை எதுவும் நான் எழுத வேண்டாம் என்றும் நூலகர் சொன்னார். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் வரைந்திருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஹாரன் கேட்டது. பெயின்டரின் வேன். டாக்டர் என்னைப் பார்த்தார். டேங்கைக் கழற்றட்டுமா என்று கேட்கத் தயங்கினார்.

வேலை என்று வந்துவிட்டால் நான் மிச்சக் கேள்விகளையும் கேட்டுவிடுவேன். பழக்கம். பள்ளம் இவ்வளவு அழகாக அமைந்திருக்கும்போது அதை ஏன் பட்டி பார்த்து மூடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வண்டியை எடுக்கறவருக்கு ஒத்து வரலீங்க. போன வாரம் உட்கார்ந்து பார்த்தாரு. அவரு முழங்கால் பள்ளத்துக்கு மேல போய் இடிக்குது. மூடிட்டு மேல புதுசா தட்டணும்."

"அவர் உயரமா?"

"நல்ல உயரம்."

"நீங்க உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"எனக்குக் கச்சிதமா இருந்துச்சு. அதனாலதானே இதை அப்படியே விட்டேன்."

டாக்டரைப் பார்த்தேன். நூலகரைப் பார்த்தேன். இருவரும் ஒரே உயரம்.

"ஃபுட்ரெஸ்ட் முன்னாடி எங்க இருந்துச்சு?"

டாக்டர் கையில் இருந்த டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மச்சானுக்கு இன்னும் இல்லை.

"கஃபே ரேசர்னா அதை ஏத்தணுங்க. நாலு விரல் மேல ஏத்தி, ஒரு சாண் பின்னால தள்ளியிருக்கேன். சீட்டும் வேற."

"ஏத்தினா கால் ஏறும். கால் ஏறினா முழங்காலும் ஏறும். இப்போ குள்ளமானவங்களுக்குத்தான் பள்ளம் சரியா இருக்கு. ஆனா அந்தப் பள்ளம் விழுந்தப்போ ஃபுட்ரெஸ்ட் நாலு விரல் கீழ இருந்திருக்கு."

மச்சான் திரும்பினார்.

"அப்போ மாப்ளே, இப்ப நாம பார்த்தது..."

"தப்பான வண்டியில பார்த்தோம்."

டாக்டர் ஏற்கெனவே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். உட்காரும் பழைய சீட்டு, இடது ஃபுட்ரெஸ்ட், பிராக்கெட்டுகள் எல்லாம் நூலில் கட்டிய துண்டுச் சீட்டோடு இறங்கின. வலது ஃபுட்ரெஸ்ட் விபத்தில் வளைந்திருந்தது. அதை நிமிர்த்தப் போனால் அளவு மாறிவிடும் என்று, அதே மாடலின் இன்னொன்றை அலமாரியிலிருந்து எடுத்து, சட்டத்தின் பழைய துளைகளிலேயே மாட்டினார். வண்டியின் பின்சட்டத்தை அறுத்திருந்ததால் பழைய சீட்டின் பின்பாதி அந்தரத்தில் நின்றது. அதற்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரி பார்த்தார். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம்.

அதற்குள் பெயின்டர் இரண்டு முறை உள்ளே வந்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை மச்சான் அவருக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார்.

"உட்காருங்க தலைவரே. டேங்க் ஒரு சாட்சி சொல்லணும். சொன்னதும் அனுப்பிடறோம்."

இரண்டாவது முறை வண்டியில் ஏற நூலகருக்கு மனம் இல்லை. தெரிந்ததை மறுபடியும் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். முதல் தடவை நான் பார்த்தது சரியில்லை, அது என் தப்பு, அதனால் இன்னொரு தடவை என்றேன். அவர் ஊன்றுகோலை மச்சானிடம் நீட்டினார். பிறகு ஏறினார்.

ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்தார். வலது முழங்கால் டேங்கின் அடிப்பாகத்தில், ஒடுக்கே இல்லாத மொட்டைத் தகட்டில் போய் முட்டியது. பள்ளம் அதற்கு மேலே காலியாக இருந்தது. டாக்டர் பென்சிலால் அவர் முழங்காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் விரல்களை வைத்தார். நாலு விரலுக்குக் கொஞ்சம் கூட இருந்தது.

நூலகர் அந்தக் கோட்டைப் பார்த்தார். இறங்க உதவினோம்.

கோப்பில் அவர் கணவரின் உயரம் இருந்தது. ஆறடி ஒரு அங்குலம். இருந்த ஐந்து பேரில் அந்த உயரத்துக்குக் கிட்டத்தில் இருந்தது மச்சான் மட்டும்தான். நான் சொல்வதற்கு முன்பே அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார்.

முழங்கால் பள்ளத்துக்குள் போனது.

டாக்டர் நாலு கோணத்தில் படம் எடுத்தார். நாலும் வலப்பக்கத்திலிருந்து. டேங்க் பெயின்டரிடம் போகாது என்றார். திங்கட்கிழமை அதை ஒரு போர்வையில் சுற்றித் தானே நீதிமன்றத்துக்குக் கொண்டு வருவதாகவும், சீட்டுகளையும் தேதி போட்ட படங்களையும் எந்த நீதிபதி கேட்டாலும் காட்டுவதாகவும் சொன்னார். பெயின்டர் ஸ்டூலிலிருந்து எழுந்து ஒரு தடவை பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேனை எடுத்துக்கொண்டு போனார்.

நாத்தனார் பார்த்ததும் உண்மைதான் என்று நூலகரிடம் சொன்னேன். தெருமுனை வரை நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எங்கேயோ நிறுத்தி மாறியிருக்கிறீர்கள். எங்கே, ஏன் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. விபத்து நடந்தபோது ஓட்டியது உங்கள் கணவர். நீங்கள் பின்னால் இருந்தீர்கள்.

அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. எதை எதிர்பார்த்தேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

மச்சான் இறங்கப் போனார். நூலகர் கையைக் காட்டி அவரை அப்படியே இருக்கச் சொன்னார். மச்சான் இருந்தார். முன்பக்கம் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை மச்சான் வக்கீலுக்குப் போன் செய்து, அந்தம்மா ரொம்ப நேரம் அழுதாங்க, நமக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாங்க என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை. காரில் நூலகம் வரை நூலகர் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது தலையை மட்டும் அசைத்தார்.

அவர் உண்மையில் கடைசியாகப் பேசியது பட்டறையில்தான். மரக்கட்டைமேல் நின்ற பழைய சீட்டின் பின்பாதியில், மச்சானின் முதுகுக்கும் சீட்டு விளிம்புக்கும் நடுவில் இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அப்போ நான் அவரைப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."